தலைவருக்கு வைத்திருந்த இடம்

காளியம்மாவுக்கு மறதி கிடையாது. மலேசியாவில், கெடாவின் சிடாம் கிரிப் பக்கம் அவளைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். ஒருமுறை எதிர்வீட்டுக்காரர் அவளுடைய கோழிகளுக்கு விஷம் வைத்துவிட்டார். கோழிகள் அவருடைய கீரைப் பாத்தியைக் கிளறிவிட்டனவாம். காளியம்மா சண்டைக்குப் போகவில்லை. அந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த வீட்டுக்கு ஒரு தூக்குச்சட்டி நிறையக் கோழிக்கறி கொடுத்தனுப்புகிறாள். பயந்துபோய் அவர்கள் அதைத் தொடுவதில்லை. மறுநாள் சட்டியைக் கழுவித் திருப்பித் தர வரும்போது வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேட்பாள்.

"கறி எப்படி? உப்பு சரியா இருந்துச்சா?"

"நல்லாருந்துச்சு லா அக்கா" என்று அவர்கள் சொல்லியாக வேண்டும்.

அவள் என் கணவர் புவனேசனின் அக்கா. தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, பதினைந்து வயதில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போனவள். கல்யாணம் ஒன்று நடந்தது. புருஷன் கையை ஓங்கிய அன்றைக்கே துணிப்பையைத் தூக்கிக்கொண்டு தம்பியிடம் திரும்பி வந்துவிட்டாள். தோட்டத்தில் ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை போட்ட பிறகு, சுங்கை பட்டாணியில் கையுறை செய்யும் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போகத் தொடங்கினாள். அங்கே அவளுக்கு ஓட்டை பார்க்கும் வேலை. கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும். ஊசிமுனை அளவு இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். வீட்டுக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகாது. புது வாளி வாங்கினால்கூட நிரப்பி வைத்துக் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நிற்பாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷ வெள்ளத்தில் என் கணவர் இறந்தார்.

குழந்தைவேலு எங்கள் ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், கோயில் கமிட்டித் தலைவர். எல்லோரும் தலைவர் என்றே கூப்பிடுவார்கள். பண்டார் பாருவில் மீன்பிடிக் குளம் நடத்திய ஒருவரிடமிருந்து காற்று நிரப்பி ஓட்டும் படகு ஒன்றைப் பழையதாக வாங்கி வைத்திருந்தார். ஊரில் அதை ரப்பர் போட்டு என்பார்கள். வெள்ளம் வந்தால் ஊருக்கு உதவும் என்று சொல்லி, ஓட்டைகளுக்கு ஒட்டுப் போட வைத்து, அதன்மேல் சாய்ந்து நின்று படம்கூட எடுத்துக்கொண்டார். அன்று மத்தியானம் என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கை சோற்றில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். தலைவரின் குரல்தான்.

"தம்பி, போட்டு சும்மாத்தான் கெடக்கு. ஆத்தோரக் கொட்டாயில அந்தப் பம்பு இருக்குல்ல, அத மட்டும் ஏத்திட்டு வந்துரு லா. ஒரே நடைதான்."

"தண்ணி வேகமா ஓடுது அண்ணே."

"நீ லாரி ஓட்டுறவன், இதுக்குப் போயி பயந்துக்கிட்டு."

அவர் கையைக் கழுவிக்கொண்டு போனார். பம்பை ஏற்றித் திரும்பும் வழியில் படகின் இடதுபக்கம் காற்றுப் போய் மடங்கியிருக்கிறது. பம்பு சரிந்து அவர் மேல் விழுந்து அவரையும் இழுத்துக்கொண்டு போனது. படகு மட்டும் அரைகுறையாக மிதந்து போய் மூங்கில் புதரில் சிக்கியது.

போலீஸ் விசாரித்தபோது குழந்தைவேலு சொன்னது வேறு. "பையன் குடிச்சிருந்தான். கேக்காமயே போட்ட எடுத்துட்டுப் போயிட்டான். பம்ப வித்துடலாம்னு நெனச்சிருப்பான் போல." சம்பள நாளில் ஒரு பியர் குடிப்பவர்தான் என் கணவர். அது ஊருக்கும் தெரியும். அதனால் பொய் சுலபமாக ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு அவர் குடித்தது நான் போட்டுக் கொடுத்த டீ. அவருடைய போன் ஆற்றோடு போய்விட்டது. நான் சொன்னதைப் பெண்டாட்டி சொல்லும் சமாதானமாகவே எடுத்துக்கொண்டார்கள். கருமாதிக்கு வந்தவர்களில் ஒருவர் என் காதுபடவே, "நல்ல பையன்தான், அந்தத் தண்ணிப் பழக்கம் மட்டும் இல்லேன்னா" என்றார். குழந்தைவேலு மாலையோடு வந்தார். காளியம்மா அந்த மாலையை வாங்கி ஆணியில் மாட்டினாள். காய்ந்து சருகான பிறகும் கழற்றவில்லை.

மாதங்கள் போயின. படகு குழந்தைவேலுவின் கடைக்குப் பின்னால் சுருட்டியபடி கிடந்தது. எலி கடித்தது, மழையில் நனைந்தது. சுங்கை பட்டாணியில் தூண்டில் சாமான் விற்கும் ரிஸால் பழைய படகும் இஞ்சினும் வாங்கிச் சரிசெய்து விற்பவர். காளியம்மா அவரிடம் போனாள். அந்தப் படகை வாங்கித் தர வேண்டும், யாருக்கென்று மட்டும் சொல்லக் கூடாது என்றாள். ரிஸால் போய்க் கேட்டபோது, இந்தப் பீடை தொலைந்தால் போதும் என்று குழந்தைவேலு தானே ஒருபக்கம் பிடித்து வேனில் ஏற்றிவிட்டாராம்.

படகு எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில் விரிக்கப்பட்ட அன்று நான் உள்ளேயே இருந்தேன். காளியம்மாதான், "வாசுகி, வெளிய வா. இது ஒன்னும் செய்யல. வந்து பாரு" என்று அதட்டினாள்.

சாம்பல் நிறப் படகு. தரைப் பலகைகள் உப்பிப் பிளந்திருந்தன. இஞ்சின் மாட்டும் பின்பலகை விரலால் குத்தினால் பிட்டு மாதிரி உதிர்ந்தது. இடதுபக்கக் குழாயின் முன்பகுதியில் வரிசையாகக் கறுப்பு ஒட்டுகள். ரிஸால் குனிந்து ஒரு ஒட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். ஆறின பாலின் ஆடை மாதிரி அது அப்படியே வந்துவிட்டது.

"அக்கா, இத யாரு ஒட்டுனது? டயர் கடைக்காரனா?"

"ரப்பர் போட்டுக்கு ரப்பர் பசைதான ஒட்டுவாங்க?"

"அதான் இல்ல லா. பேருதான் ரப்பர் போட்டு. இதுல ரப்பர் ஒரு துளி கெடையாது. பிளாஸ்டிக் பூசுன துணி. டியூப் பசைய வெச்சா வெயில்ல நல்லாத்தான் புடிச்சுக்கும். தண்ணில கொஞ்ச நேரம் நின்னா கைய விட்டுரும்."

ரிஸால் ஒரு துணியில் ஏதோ நெடியடிக்கும் திரவத்தைத் தொட்டுப் படகின் மூலையில் தேய்த்தார். அந்த இடம் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. "பாத்தீங்களா? ரப்பரா இருந்தா இப்படி இளகாது."

காளியம்மா அந்தக் கறுப்பு ஒட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பொறந்ததுலேருந்து ரப்பர்ல கெடந்தவ நான். இந்த ஊர்ல எவன் கையில குடுத்திருந்தாலும் இதத்தான் ஒட்டியிருப்பான். நானும் இதத்தான் ஒட்டியிருப்பேன்."

ஒட்டுப் போட்டவன் மேல் அவளுக்குக் கோபமில்லாமல் போனது அன்றைக்குத்தான். ஆனால் அதனால் கோபம் குறையவில்லை. அங்கே இங்கே சிதறிக் கிடந்ததெல்லாம் ஒரே ஆளிடம் போய்ச் சேர்ந்தது. ஒட்டியவன் தெரியாமல் செய்தான். போன் பண்ணியவர் தண்ணீரின் வேகம் தெரிந்தே பண்ணினார். பொய்யைத் தெரிந்தே சொன்னார்.

தொழிற்சாலை இல்லாத நாட்களில் காளியம்மா படகோடு உட்கார்ந்தாள். முதலில் சோப்புத் தண்ணீரைப் பஞ்சால் தடவி, நுரை எங்கே முட்டை விடுகிறது என்று பார்த்துச் சாக்பீசால் வட்டம் போட்டாள். பஞ்சுக்கு அகப்படாத இடங்களில் உதட்டை ஈரமாக்கிக் குழாயோரமாகக் கொண்டுபோவாள். காற்று பட்டால் உதட்டுக்குத் தெரிந்துவிடும். பழைய பசையைச் சுரண்டி எடுப்பதுதான் பெரிய வேலை. கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் புதுப்பசை பிடிக்காது. உப்புத்தாள் தேய்த்து, துடைத்து, ஓரம் வளைவாக வெட்டிய துண்டுக்கும் படகுக்கும் மெல்லிசாகப் பசை தடவி, புறங்கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, மறுபடி தடவி, பிறகு அழுத்த வேண்டும். அழுத்துவதற்குச் சப்பாத்திக் கட்டையை வைத்துக்கொண்டாள். மழை மூட்டமாக இருந்தால் ரிஸால் போன் செய்வார். "இன்னிக்கு ஒட்டாதீங்க அக்கா, காத்துல ஈரம்." அன்றைக்கு அவள் பலகை அறுப்பாள்.

புதுப் பின்பலகையும் தரைப் பலகைகளும் வந்தன. காற்று அடைப்பான்களில் வாஷர் மாற்றினாள். சுற்றிலும் பிடித்துக்கொள்ள நைலான் கயிறு கட்டினாள். ரிஸால் ஒரு சின்ன இஞ்சினைச் சரிசெய்து கொண்டுவந்து மாட்டிப் பார்த்தார். எல்லா ஒட்டும் மாறிவிட்டது, ஒன்றைத் தவிர. இடதுபக்கம் முன்னால், அன்று பிரிந்துகொண்டு காற்றை விட்ட அந்த ஒட்டு. அதைக் காளியம்மா எடுக்கவில்லை. தொங்கிய ஓரத்தைப் பழைய டியூப் பசையாலேயே அமுக்கி வைத்திருந்தாள்.

"இது ஏன் பாக்கி?" என்றார் ரிஸால்.

"அது கடைசில."

"காத்து எறங்குமே."

"எறங்கட்டும்."

ரிஸால் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "அக்கா, யாரையாச்சும் கொல்லப் போறீங்களா?"

"சேச்சே. நான் என்னா கொலகாரியா? ஒருத்தர ஏத்திக்கிட்டு ஆத்துக்குள்ள ஒரு ரவுண்டு போவேன். அவரு வாங்குன போட்டு, அவரு ஒட்ட வெச்ச ஒட்டு. நீந்தத் தெரிஞ்சா நீந்தட்டும்."

ரிஸால் சிரிக்கவில்லை. சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் அவளிடம் அந்த இடத்தைக் காட்டி, "அக்கா, இது?" என்று கேட்டேன்.

"அது தலைவரு ஒக்கார்ற எடம்."

நான் உள்ளே போய் அவளுக்கு டீ போட்டுக் கொண்டுவந்தேன். சீனி தூக்கலாக, அவளுக்குப் பிடித்த மாதிரி. குழந்தைவேலு தண்ணீரில் கையடிப்பதை நானும் மனதுக்குள் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நன்றாக இருந்தது.

படகுக்குப் பெயர் போட வேண்டும் என்றாள். பெயிண்ட் உரிந்துவிடும், இதே மாதிரிப் பிளாஸ்டிக் துணியில் எழுத்தை வெட்டி ஒட்டினால் நிற்கும் என்று ரிஸால் போனில் சொன்னார். வெள்ளைத் துணிக்கு எங்கே போவது? காளியம்மா கோயில் பக்கம் போனாள். போன தீபாவளிக்குக் கட்டிய வாழ்த்துப் பேனர் வேலியில் அவிழ்ந்து தொங்கியது. அதில் குழந்தைவேலு ஆளுயரத்துக்குக் கைகூப்பி நின்றார். பின்பக்கம் சுத்தமான வெள்ளை. பூசாரியிடம், "மழைக்கு அடுப்ப மூடணும் சாமி, இத எடுத்துக்கவா?" என்று கேட்டு, மடித்து எடுத்து வந்துவிட்டாள்.

படம் இருக்கிற பக்கத்தில்தான் பசை தடவ வேண்டும். மையின் மேல் பசை பிடிக்காது, தேய்க்க வேண்டும். காளியம்மா பேனரை முற்றத்தில் விரித்து, உப்புத்தாளை எடுத்துக்கொண்டு குழந்தைவேலுவின் நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள். நடுவில் என்னிடம் தாளை நீட்டினாள்.

"நீயும் கொஞ்சம் தேயி. கன்னத்துப் பக்கம் நான் தொடல."

நாங்கள் இரண்டு பேரும் அவர் முகத்தைத் தேய்த்தோம். புவனேசன் போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். எவ்வளவு தேய்த்தும் முகம் மங்கியதே தவிர மறையவில்லை. வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி எழுத்துகளை வெட்டி, இடதுபக்கக் குழாய் நெடுக ஒட்டினோம். புவனேசன். தெரு முனையிலிருந்து பார்த்தாலும் படிக்கலாம்.

படகில் காற்றை நிரப்பி வாசலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள் காளியம்மா. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் விட்டு வைத்திருந்த ஒட்டு தன் வேலையைச் செய்திருந்தது. இடதுபக்கம் முழுவதும் காற்றிறங்கிச் சரிந்து, எழுத்துகள் கசங்கி, பெயர் குப்புற விழுந்து மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆற்றிலிருந்து தூக்கிவந்து கரையில் போட்டபோது என் கணவரும் அப்படித்தான் கிடந்தார். அவள் உடுப்பு மாற்றவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. அந்தக் கறுப்பு ஒட்டைப் பிய்த்துச் சாக்கடையில் எறிந்தாள். பழைய பசையைச் சுரண்டிக்கொண்டே பேசினாள். என்னிடமா, அவரிடமா என்று தெரியவில்லை.

"ஒன் பேரப் போட்டாச்சு. இனிமே இது முழுகக் கூடாது. அந்த ஆளுக்காக ஒன்ன இன்னொரு தடவ முழுகடிப்பேனா?"

"அப்ப தலைவரு?" என்றேன்.

"அவருக்கு எடம் இருக்கு. அதே எடந்தான்."

போன மழைக்காலத்தில் ஆறு மறுபடி ஏறியது. காலையில் இடுப்பளவு இருந்த தண்ணீர் மத்தியானத்துக்குள் கடைத்தெருவில் ஆளுயரத்தைத் தாண்டிவிட்டது. தீயணைப்புப் படையின் படகுகள் மற்ற கம்பத்துக் கிராமங்களில் ஆளேற்றிக்கொண்டிருந்தன. அதுவரை வீட்டுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த படகில் காற்றை நிரப்பி, காளியம்மா இஞ்சினை இழுத்துக் கிளப்பினாள். நான் முன்னால் துடுப்போடு உட்கார்ந்தேன். முதல் நடையிலேயே பழனியாண்டியை ஏற்றினோம். தோட்டத்தில் களைமருந்து அடித்து ஓய்வுபெற்றவர். காது மந்தம். மடியில் கூடைக்குள் ஒரு சண்டைச் சேவல்.

"சேவலுக்குத் தனி டிக்கெட் மாமா" என்று காளியம்மா கத்தினாள்.

"கோழிக்கறி குடுக்க மாட்டியே?" என்று அவர் கூடையை இறுக்கிக்கொண்டார்.

குழந்தைவேலுவின் வீட்டைத் தாண்டும்போதுதான் குரல் கேட்டது. கார் நிறுத்தும் இடத்தின் கான்கிரீட் கூரைத் தளத்தின் மேல் அவரும் அவர் மனைவி ரமணியும் நின்றிருந்தார்கள். கடைச் சாமானை விட்டு வர மனமில்லாமல் கடைசிவரை இருந்திருக்கிறார். தளத்தின் விளிம்பை எட்டத் தண்ணீருக்கு இரண்டு விரல்தான் பாக்கி. எதிரே கடைவரிசையின் மாடி ஜன்னல்களில் எல்லாம் ஆட்கள்.

"காளியம்மா! இங்க, இங்க!"

அவள் படகை விளிம்புக்குக் கொண்டுபோனாள். குழந்தைவேலு காலை நீட்டினார். அவள் துடுப்பால் அந்தக் காலைத் தடுத்தாள்.

"மொதல்ல அக்கா ஏறட்டும்."

ரமணி அக்காவைக் கைபிடித்து இறக்கி என் பக்கத்தில் உட்கார வைத்தாள். பிறகு விளிம்பைத் துடுப்பால் தள்ளி, இரண்டு கை தூரத்துக்குப் படகை விலக்கி நிறுத்தினாள். இஞ்சின் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது.

"என்னா வெளையாட்டு இது?" என்றார் குழந்தைவேலு.

"தலைவரே, போட்டுல என்னா எழுதியிருக்கு? படிங்க."

அவர் அப்போதுதான் பார்த்தார். பெயர் மட்டுமல்ல, படகையும் அடையாளம் கண்டுகொண்டார். முகம் மாறிப்போனது.

"மொதல்ல ஏத்து லா. அப்புறம் பேசிக்கலாம்."

"புவனேசன்னு போட்டிருக்கு. அவன ஆத்துக்கு அனுப்புனது யாரு?"

"இப்பப் போயி அதக் கேக்கற? தண்ணி ஏறுது!"

"ஆமா, ஏறுது. நான் ஒரு சுத்து சுத்திட்டு வரேன், நீங்க யோசிச்சு வைங்க." படகைத் திருப்பினாள். அவசரமில்லாமல் வீட்டை ஒருமுறை சுற்றினாள். திரும்பி வந்தபோது தண்ணீர் அவர் செருப்பைத் தொட்டிருந்தது.

என் பக்கத்தில் இருந்த ரமணி அக்காதான் திடீரென்று கத்தினார்.

"சொல்லித் தொலைங்களேன்! நீங்க போன் பண்ணது எனக்குத் தெரியாதா? பக்கத்துலதான இருந்தேன்!"

குழந்தைவேலு மனைவியைப் பார்த்தார். எதிர் ஜன்னல்களைப் பார்த்தார். கீழே தண்ணீரைப் பார்த்தார்.

"நாந்தான் அனுப்புனேன்" என்றார்.

"என்னா சொன்னாரு?" என்று பழனியாண்டி காதில் கைவைத்தார். "ஒன்னும் கேக்கல லா."

"மாமாவுக்குக் கேக்கலயாம் தலைவரே."

"நாந்தான் அனுப்புனேன்! பம்பு எடுக்க!"

"குடிச்சிருந்தானா?"

"இல்ல."

"என்னாது?" என்றார் பழனியாண்டி.

"குடிக்கல! அவன் குடிக்கல! நான்தான் அப்படிச் சொன்னேன்!"

கடைத்தெரு முழுக்க அது கேட்டது. சேவல்கூட ஒருமுறை கூவியது. மாடி ஜன்னலில் யாரோ போனை நீட்டிப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன்.

காளியம்மா படகை ஒட்டிக் கொண்டுபோனாள். அவர் மறுபடி காலை நீட்டினார். அவள் தன் கையைக் கொடுத்துத் தாங்கி, இடதுபக்கம் முன்னால் காட்டினாள்.

"அங்க ஒக்காருங்க. ஒங்களுக்குன்னு வெச்ச எடம்."

அவர் உட்கார்ந்த இடத்துக்குக் கீழே அவள் ஒட்டிய ஒட்டு இருந்தது. பள்ளிக்கூடத்து மேடு வரும்வரை அது ஒரு குமிழிகூட விடவில்லை.

தண்ணீர் வடிந்த வாரத்தில் ரமணி அக்கா கணவரைக் கூட்டிக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போய், முன்பு கொடுத்த வாக்குமூலத்தை மாற்ற வைத்தார். அது எங்கே போய் முடியும் என்று தெரியவில்லை. ஆனால் ஊரில் இப்போது யாரும் என் கணவரைக் குடிகாரன் என்று சொல்வதில்லை. கமிட்டிக்கு வேறு தலைவர் வந்துவிட்டார். காளியம்மா அந்தக் காய்ந்த மாலையை ஆணியிலிருந்து எடுத்து ஒரு தாளில் சுற்றி, குழந்தைவேலுவின் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஒருநாள் அவரே வீட்டுக்கு வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"நடந்தத மறந்துரு காளியம்மா. நான் செத்திருந்தா ஒனக்கு நிம்மதியா இருந்திருக்குமா?"

"அய்யோ, நீங்க நல்லா இருக்கணும் தலைவரே. ரொம்ப வருஷம் இருக்கணும். நான் ஏன் அந்த ஒட்ட மாத்துனேன்னு நெனைக்கிறீங்க?"

அவருக்கு அது புரியவில்லை.

படகு இப்போது எங்கள் வாசலில், காற்று நிரம்பி, இடதுபக்கம் தெருவைப் பார்த்தபடி மேடையில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது. குழந்தைவேலு கோயிலுக்குப் போக வேறு வழி கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் அவர் வரும் நேரம் பார்த்துக் காளியம்மா சோப்புத் தண்ணீரோடு உட்கார்ந்து எழுத்து எழுத்தாகத் துடைக்கிறாள். அவர் கழுத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு போகிறார். அவள் விடுவதில்லை.

"தலைவரே, சாமி கும்பிடவா? நல்லாக் கும்பிடுங்க!"

ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் அவருடைய அந்தப் பேனர் படத்தின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கூப்பிய கைகள் முதல் எழுத்துக்குக் கீழே இருக்கின்றன. இது காளியம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. வரும் தீபாவளிக்குக் காளியம்மா அவர் வீட்டுக்கும் கோழிக்கறி கொடுத்தனுப்பும்போது, நானே எடுத்துப் போய்ச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.